பெயர் பொறித்த மரமும் பெயர் மறைந்த கைகளும்

காலத்தை அரசர்களின் பெயரால் அழைப்பது வரலாற்றின் நெடுநாளைய பழக்கம். பிரான்சு நாட்டிலோ, மக்கள் அமரும் நாற்காலிக்கும் எழுதும் மேசைக்கும்கூட அரசர் பெயரே நிலைத்துவிட்டது. 'பதினான்காம் லூயி பாணி', 'பதினைந்தாம் லூயி பாணி', 'பதினாறாம் லூயி பாணி' என்றே அருங்காட்சியகங்களில் அவை இன்றும் வகைப்படுத்தப்படுகின்றன. இம்மூவரில் எவரும் தமக்காகச் செய்யப்பட்ட அந்த மேசைகளில் ஓர் ஆணியையும் அறைந்தவர் அல்லர். உளி பிடித்தவர் வேறு. பெயர் பெற்றவர் வேறு. அந்த வேறுபாட்டைச் சற்றே உற்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது மரப்பதிப்புக் கலை. பிரெஞ்சு மொழியில் இதனை 'மார்க்கெத்ரி' என்பர். பல நிற மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து, அவற்றைப் பூவாகவும் கொடியாகவும் பறவையாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருத்தி, சாதாரண மரத்தாலான மேசையின் மீதோ அலமாரியின் மீதோ ஒட்டுவதே இக்கலை. தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு அது வண்ண ஓவியம். அருகில் வந்து பார்த்தால் அதில் தூரிகை பட்ட தடமே இராது. ஒவ்வொரு நிறமும் ஒரு மரம். ஒவ்வொரு கோடும் ஒரு வாள் சென்ற வழி.

பாடகர் இருக்கைகளில் பிறந்த கலை

இக்கலையின் முன்னோடி வடிவம் செழித்து வளர்ந்தது அரண்மனைகளில் மட்டுமன்று, துறவு மடங்களிலும்தான். 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலிய ஆலயங்களில், துறவிகள் அமர்ந்து திருப்புகழ்மாலை பாடும் மர இருக்கைகளின் முதுகுப்புறம் இத்தகைய பதிப்பு வேலையால் அழகு செய்யப்பட்டது. ஒலிவேத்தோ சபைத் துறவியான வெரோனா நகர் ஜொவான்னி இத்துறையில் தலைசிறந்தவர். 1525இல் இறந்த அவருடைய கைவண்ணத்தை மோந்தே ஒலிவேத்தோ மாஜோரே மடத்தில் இன்றும் காணலாம். பாதி திறந்த அலமாரிக் கதவும், உள்ளே அடுக்கிய நூல்களும், இசைக் கருவிகளும், தொலைவில் தெரியும் ஊரும் அங்கே மரத் துண்டுகளாலேயே உருப்பெற்றுள்ளன. கதவு திறந்திருப்பதாக எண்ணிக் கை நீட்டினால் சமதளமான பலகையே விரலில் தட்டுப்படும்.

அவருக்கு அடுத்த தலைமுறையில் தோன்றியவர் பெர்காமோ நகர் தமியானோ. இவர் சாமிநாதர் சபையின் துறவறச் சகோதரர். பொலோஞா நகரில் புனித சாமிநாதர் ஆலயத்தின் பாடகர் இருக்கைகள் இவர் படைப்பு. பேரரசர் ஐந்தாம் சார்லசு அவற்றைக் கண்டு, இது மரமாக இருக்க முடியாது, ஓவியமே எனச் சொல்லித் தம் குறுவாளால் சுரண்டிப் பார்த்தார் என்பது அங்கு வழிவழியாக வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், சான்று கேட்டுப் பேரரசரே சுரண்டிப் பார்த்ததாகச் சொல்லும்படி அந்த வேலைப்பாடு அமைந்திருந்தது என்பதில் ஐயமில்லை.

17ஆம் நூற்றாண்டில் இக்கலை பாரிசு மாநகரில் புதிய வேகம் பெற்றது. ஆலந்து, பிளாண்டர்சு, செர்மானிய நாடுகள் ஆகியவற்றிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கைவினைஞர்கள் இதில் பெரும்பங்கு கொண்டனர். மடகாஸ்கரிலிருந்தும் இந்து மாக்கடல் தீவுகளிலிருந்தும் வந்த கருங்காலி மரத்தை முதலில் கையாண்டதால் இவர்களுக்கு 'எபெனிஸ்த்' என்று பெயர் வந்தது. கருங்காலியைக் குறிக்கும் 'எபேன்' என்னும் சொல்லின் வழிப் பிறந்த பெயர் அது. பின்னர்க் கருங்காலி வழக்கொழிந்து வண்ண மரங்கள் வந்தபோதும், அப்பெயர் மட்டும் மாறவில்லை.

ஒரே வாள், இரு படைப்புகள்

இத்தொழிலின் வரலாற்றில் முதன்மையாகப் பேசப்படுபவர் ஆந்த்ரே ஷார்ல் பூல். 1642இல் பாரிசில் பிறந்தவர். 1672இல் லூவர் அரண்மனைக் கூடங்களின் கீழே அரசர் வழங்கும் இல்லங்களில் ஒன்று காலியானபோது, இத்தொழிலில் நகரிலேயே திறமை மிக்கவர் இவரே என அமைச்சர் கோல்பெர் பதினான்காம் லூயிக்குப் பரிந்துரைத்தார். 1664இல் பிரெஞ்சு கிழக்கிந்தியக் கும்பினியை நிறுவியவரும் இதே கோல்பெர்தான்; அக்கும்பினியே 1674இல் புதுச்சேரியில் கால் ஊன்றியது என்பதை நம் வாசகர்கள் அறிவர்.

லூவரில் இடம் கிடைத்ததன் பயன் வெறும் குடியிருப்பு மட்டுமன்று. அந்நாளில் மர வேலை செய்பவர் வெண்கலம் வார்க்கக் கூடாது; வெண்கலம் வார்ப்பவர் மரத்தைத் தொடக் கூடாது என்று தொழிற்சங்கங்கள் கண்டிப்பான விதி வகுத்திருந்தன. அரசரின் கூரையின் கீழ் வாழ்ந்தோர்க்கு இவ்விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே பூல் ஒரே பட்டறையில் மரமும் உலோகமும் கலந்து வேலை செய்ய முடிந்தது.

அவர் பெயரால் வழங்கும் முறை பித்தளையும் ஆமையோடும் சேர்ந்தது. இம்முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். அதன் உச்சத்தைத் தொட்டவர் அவர். அழுங்காமையின் ஓட்டைச் சூடாக்கித் தட்டையாக்கி, அதனுடன் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து இணைப்பர். மேலே வரைபடத் தாளை ஒட்டுவர். கைவினைஞர் மரக் குதிரை போன்ற ஓர் இருக்கையில் கால் விரித்து அமர்ந்து, காலால் மிதித்து இடுக்கியை இறுக்கி, கம்பி போன்ற மெல்லிய வாளால் இரண்டையும் ஒருசேர அறுப்பார். அறுத்து முடிந்ததும் தகடுகளைப் பிரித்தால் இரு படைப்புகளுக்கு உரிய துண்டுகள் கிடைக்கும். ஆமையோட்டுத் தரையில் பித்தளைக் கொடியைப் பொருத்தினால் அது 'முதற்பகுதி'. பித்தளைத் தரையில் ஆமையோட்டுக் கொடியைப் பொருத்தினால் அது 'எதிர்ப்பகுதி'. ஒன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதே மற்றொன்றின் வெற்றிடத்தை நிரப்புகிறது. முதற்பகுதியே மதிப்பு மிக்கதாகக் கருதப்பட்டது. எனினும் எதிர்ப்பகுதியும் வீசி எறியப்படவில்லை. இரண்டையும் இணையாகச் செய்து, ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்துவதும் உண்டு.

வண்ண மரங்களைக் கொண்டு பூக்கள் செய்யும்போது வேறொரு நுட்பம் தேவைப்பட்டது. இதழின் ஓரத்தில் நிழல் விழுந்தாற்போல் காட்ட வேண்டுமெனில், சூடேறிய மணலில் அத்துண்டின் விளிம்பைச் சில நொடிகள் அமிழ்த்துவர். ஒரு நொடி குறைந்தால் நிழல் விழாது. ஒரு நொடி மிஞ்சினால் இதழ் கருகிவிடும். பின்னர் நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசையைச் சுடச்சுடத் தடவி ஒட்டி, இழைத்து, மெருகேற்றுவர். இத்தனை உழைப்பின் பயனாகக் கிடைப்பது மெல்லிய ஒரு மேற்பரப்பு, அவ்வளவே.

பூல் செய்தவற்றுள், 1708இல் திரியானோன் அரண்மனையில் அரசரின் படுக்கையறைக்கு வழங்கப்பட்ட இரு இழுப்பறைப் பெட்டிகள் ஆவணச் சான்றுடன் அறியப்பட்டவை; இன்று வெர்சாயில் உள்ளன. ஆனால் அவர் தம் படைப்புகளில் பெயர் பொறித்ததில்லை. ஆகவே அவருடையது எது, அவரைப் பின்பற்றியவருடையது எது என்று அறிஞர்கள் ஆராய வேண்டியுள்ளது. அவர் வாழ்வின் முடிவும் எளிதாக இல்லை. பழைய ஓவியங்களையும் அச்சுப் படங்களையும் கடன் வாங்கியேனும் சேர்ப்பது அவர் வழக்கம். 1720 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு அவர் பட்டறையில் தீப்பற்றியது. முடிந்தவையும் முடியாதவையுமான மர வேலைகள், கருவிகள், சேமித்த ஓவியங்கள் எனப் பெரும்பாலானவை சாம்பலாயின. ஓவியர் ரூபென்சின் கைப்பட எழுதிய குறிப்பேடும் அத்தீயில் அழிந்தது. அப்போது பூலுக்கு வயது 77. அதன்பின் 12 ஆண்டுகள் கடன்காரர்களுக்கு நடுவே வாழ்ந்து 1732இல் கண்மூடினார்.

கன்னியர் மடத்தின் நிழலில்

லூவரில் இடம் பெற்றவர் மிகச் சிலரே. ஏனைய பல்லாயிரம் கைவினைஞர் எங்கே வாழ்ந்தனர்? பாரிசு நகரின் கிழக்கு வாயிலுக்கு அப்பால், 1198இல் நெய்யி ஊர்ப் பங்குக் குரு புல்க் என்பவரின் முயற்சியால் தோன்றிய ஒரு கன்னியர் மடம் இருந்தது. வனத்து அந்தோனியார் பெயரால் அமைந்த அம்மடம், பின்னர் சிஸ்டர்சியன் சபையில் இணைந்தது. அதன் நிலத்தில் குடியேறிய தொழிலாளர்க்கு நகரத் தொழிற்சங்கத்தின் அதிகாரம் செல்லாது என்னும் சலுகை அரசர்களால் வழங்கப்பட்டிருந்தது. 1657இல் பதினான்காம் லூயியும் அதனை உறுதி செய்தார்.

அந்நாளைய நிலையை எண்ணினால் இதன் பொருள் விளங்கும். சங்கத்தில் ஆசானாகச் சேர வேண்டுமெனில் நெடுங்காலம் தொழில் பழக வேண்டும். பின்னர்க் கூலிக்கு உழைக்க வேண்டும். தேர்வுப் படைப்பு ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். கட்டணமும் செலுத்த வேண்டும். ஆசான்களின் புதல்வர்களுக்குக் கட்டணம் குறைவு. வெளியூரிலிருந்து வந்தவர்க்கோ மிக அதிகம். கையில் திறமையும் பையில் வறுமையுமாக வந்த செர்மானியரும் பிளாண்டர்சு நாட்டவரும் இந்தக் கன்னியர் மடத்தின் எல்லைக்குள் அடைக்கலம் புகுந்தனர். செயின்ட் அந்துவான் புறநகர் எனப்படும் அப்பகுதி, நாளடைவில் ஐரோப்பாவின் மர வேலைத் தலைநகரமாயிற்று. மடத்தின் தலைவியர் இக்கலையை வளர்க்கத் திட்டமிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. தம் உரிமையைக் காப்பதே அவர்கள் கருத்தாக இருந்திருக்கலாம். எனினும் அந்த உரிமையின் நிழலில் ஏழைத் தொழிலாளிக்கு வாழ இடம் கிடைத்தது. அந்த மடம் பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் மருத்துவமனையாக மாறி, அதே பெயருடன் இன்றும் நோயாளரை ஏற்கிறது.

பாரிசு மர வேலைக்காரர் சங்கம் புனித அன்னம்மாளைப் பாதுகாவலியாகக் கொண்டிருந்தது. நற்கருணைப் பேழையைத் தச்சர் செய்கின்றனர்; இறைமகனைத் தாங்கிய உயிருள்ள பேழையாம் மரியாவை அன்னம்மாள் ஈன்றளித்தார். இவ்வொப்புமையே அப்பாதுகாவலுக்குக் காரணம் என மரபு கூறும்.

1743இல் வகுக்கப்பட்டு 1751 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, சங்கத்தின் ஆசான்கள் தம் படைப்பில் பெயர் முத்திரையைப் பதிக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. ஆசானைப் பெருமைப்படுத்துவதற்காக அன்று. தரக்குறைவுக்குப் பொறுப்பேற்கச் செய்வதற்காக. முத்திரையும் கண்ணில் படும் இடத்தில் இராது. பளிங்குப் பலகையைத் தூக்கினால் அதன் அடியில் இருக்கும். அல்லது கீழே குனிந்து தேட வேண்டும். சிலர் முதலெழுத்துகளை மட்டும் பதித்தனர். 'பி.வி.ஆர்.பி.' என்னும் நான்கு எழுத்துகளைத் தாங்கிய ஒப்பற்ற படைப்புகளைச் செய்தவர் யார் என்று நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியாதிருந்தது. பெர்னார் வான் ரீசன்பர்க் என்னும் அவர் பெயர் 1957இல்தான் ஆவணங்களின் துணையால் வெளிப்பட்டது.

அரசரின் மேசை

பெயர் பற்றிய இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது 'அரசரின் மேசை' எனப் புகழ்பெற்ற எழுதுமேசையின் கதையில்தான். செர்மானிய நாட்டு ஐன்சுபெர்க்கில் 1721இல் பிறந்த ழான் பிரான்சுவா ஓபென், பாரிசுக்கு வந்து, பூலின் மகன் ஒருவரிடமிருந்து லூவரில் பட்டறை இடம் வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்தினார். பூக்களை மரத்தில் மலரச் செய்வதில் வல்லவர், பொறியமைப்பிலும் வல்லவர். நோயுற்று நடக்க இயலாதிருந்த பதினைந்தாம் லூயியின் பேரனான சிறுவன் பர்கண்டி இளங்கோமகனுக்காகப் பொறியால் இயங்கும் நாற்காலி ஒன்றைச் செய்து கொடுத்தவர் இவரே. அச்சிறுவன் 1761இல் ஒன்பது வயதில் இறந்தான்.

1760இல் அரசருக்காக ஓர் எழுதுமேசை செய்யும் பணி ஓபெனிடம் ஒப்படைக்கப்பட்டது. சுருண்டு மூடும் மேல்மூடி. ஒரே சாவியின் திருப்பத்தில் மூடியும் இழுப்பறைகளும் திறக்கும் அமைப்பு. முன்னும் பின்னும் முகம் கொண்ட கடிகாரம். இப்பணி முடியுமுன், 1763இல், ஓபென் இறந்தார். விட்டுச் சென்றது கடனும், கைம்பெண்ணும், பிள்ளைகளும், பாதியில் நின்ற மேசையும்.

அவர் மனைவி பிரான்சுவாஸ் மார்கரித் வாந்தர்குரூஸ் பட்டறையை மூடவில்லை. ஆசானின் கைம்பெண் கணவர் முத்திரையுடன் தொழிலைத் தொடரலாம் என்று சங்க விதி இடமளித்தது. பட்டறைப் பொறுப்பைக் கவனித்தவர் ழான் ஆன்ரி ரீசெனெர். 1734இல் எஸ்ஸன் நகரருகே கிளாட்பெக்கில் பிறந்து, ஓபெனிடம் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னர் அவர் அக்கைம்பெண்ணை மணந்து, 1768இல் ஆசான் தகுதி பெற்றார். 1769இல் மேசை முடிந்தது. அதற்கான செலவு 60,000 லீவருக்கு மேல். வெண்கல உருவங்களுக்கு மாதிரி செய்தவர் துய்ப்ளெசி. கடிகாரம் அமைத்தவர் லெபீன். பெயர் சொல்லப்படாத வேறு பலரும் அறுத்தனர், ஒட்டினர், மெருகேற்றினர். மேசையின் மரப்பதிப்பில் பொறிக்கப்பட்ட பெயர் ஒன்றே ஒன்று: ரீசெனெர்.

ஓபென் பெயர் அங்கு இல்லை. இதனைத் திருட்டு என்று சொல்வது பொருந்தாது. ரீசெனெர் பல ஆண்டுகள் உழைத்து முடித்தார். இறந்தவரின் குடும்பத்தையும் காத்தார். ஆயினும் தொடங்கியவரின் பெயர் இல்லாத அந்த வெற்றிடம் நம் கண்ணை உறுத்தவே செய்கிறது. ஆறு ஆண்டுகள் பட்டறையின் கதவு மூடாமல் காத்த அப்பெண்ணின் பெயரும் அங்கு இல்லை. ஓபெனின் மகள் விக்துவார் பின்னாளில் ஓர் ஆண்மகனை ஈன்றார். அம்மகனே ஓவியர் எழேன் தெலக்ருவா. பாரிசு புனித சுல்பீஸ் ஆலயச் சிற்றாலயத்தில், வானதூதரோடு போராடும் யாக்கோபை 1861இல் தீட்டி முடித்தவர் அவர். பாட்டனின் பெயர் மேசையில் விடுபட்டாலும், பேரனின் வண்ணங்கள் ஆலயச் சுவரில் நிலைத்தன.

கவிழ்ந்த காலம்

1774இல் ரீசெனெர் அரசரின் கைவினைஞராக நியமனம் பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் அரண்மனைக்கு 9 இலட்சம் லீவருக்கு மேல் மதிப்புள்ள பொருள்களைச் செய்து கொடுத்தார். பின்னர்ச் செலவு மிகுதி என்று சொல்லி அரசு அவரைக் கைவிட்டு, மலிவான விலை கேட்டவரை நாடியது. அரசி மரி அந்துவானேத் மட்டும் அவரிடம் தொடர்ந்து பொருள் வாங்கினார்.

1789இல் புரட்சி வெடித்தது. பாஸ்தீய் கோட்டை நின்றது செயின்ட் அந்துவான் புறநகரின் வாயிலிலேயே. அதனைத் தாக்கிப் பிடித்தவர்களுள் மர வேலைக்காரர் பலர் இருந்தனர். அரண்மனைகளுக்கு மலர்மேசை செய்த அதே கைகள் கோட்டைக் கதவையும் தாக்கின. வியப்பதற்கு என்ன உண்டு? மேசையின் விலையை அறிந்தவன் அவன். தன் வீட்டு அப்பத்தின் விலையையும் அறிந்தவன் அவன்.

1791இல் தொழிற்சங்கங்கள் ஒழிக்கப்பட்டன. முத்திரையிடும் கட்டாயமும் ஒழிந்தது. 1793 ஆகஸ்டில் வெர்சாயின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. ரீசெனெர் தாம் செய்தவற்றையே சிலவற்றைத் திரும்ப விலைக்கு வாங்கினார். மீண்டும் விற்கலாம் என்பது அவர் நம்பிக்கை. வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. 1794இல், அறைகலன்களிலிருந்து அரசச் சின்னங்களை அகற்றும் பணிக்கு அவரையே அமர்த்தினர். எந்தக் கை அல்லி மலர்ச் சின்னத்தைப் பொருத்தியதோ, அதே கை அதனைப் பெயர்த்து எடுத்தது. பழம்பொருள் என்று எவரும் மதிக்காத காலத்தில், 1806இல், வறுமையில் அவர் இறந்தார். பின்னாளில் அவருடைய படைப்புகள் பலவும் ஆங்கிலேயச் செல்வரின் கைக்குச் சென்றன. இலண்டனிலுள்ள வாலசு சேகரிப்பிலும் வாடெஸ்டன் மாளிகையிலும் அவற்றைக் காணலாம்.

மறைந்த நிறங்கள்

இன்று நாம் அப்பொருள்களில் காணும் பழுப்பும் பொன்னிறமும் அவற்றின் உண்மை நிறமல்ல. பச்சைச் சாயம் ஏற்றிய இலை, சிவந்த மலர், ஊதா நிறத் தரை எனக் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் அவை செய்யப்பட்டன. 200 ஆண்டு வெயில் நிறத்தை உண்டுவிட்டது. ஒளி படாத உட்புறத்தில் மட்டும் பழைய நிறம் சற்று எஞ்சியிருக்கும்.

மறைந்தவை நிறங்கள் மட்டும் அல்ல. ஊதாச் சாயலுடைய மரங்களும் செம்மரங்களும் பிரேசிலிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்தன. அங்கெல்லாம் அப்போது அடிமைமுறை நிலவியது. அக்காட்டில் கோடரி பிடித்தவரின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை. சங்கப் பதிவேட்டிலும் இல்லை. அழுங்காமையோ, அழகிய ஓட்டுக்காகவே வேட்டையாடப்பட்டு அருகிப்போய், 1977 முதல் பன்னாட்டு வணிகத் தடையின் பாதுகாப்பில் உள்ளது. அழகுக்கு விலை உண்டு. அதனைக் கொடுத்தவர் யார் என்று கேட்பது அழகைப் பழிப்பதாகாது. அதனை முழுமையாக அறிவதாகும்.

ஆயினும் கலை அழிந்துவிடவில்லை. 1886இல் பாரிசில் நிறுவப்பட்ட தொழிற்கலைப் பள்ளி பூலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இளைஞரும் இளம்பெண்களும் அங்கே மரப்பதிப்பைக் கற்கின்றனர். பழைய பொருள்களைச் செப்பனிடுவோர், தகடு பெயர்ந்த இடத்தில் சில வேளைகளில் முன்னோர் விட்டுச் சென்ற கோடுகளையும் குறிப்புகளையும் காண்பதுண்டு. ஒட்டிவிட்டால் இனி எவரும் பாரார் என்று அறிந்தே அவர்கள் அவற்றை எழுதியிருந்தனர்.

நம் ஆலயங்களில் உள்ள பழைய பீடங்களுக்கும், மறையுரை மேடைகளுக்கும், பாவசங்கீர்த்தனத் தொட்டிகளுக்கும் இக்கதை அயலானது அன்று. அவற்றின் மீது நன்கொடை அளித்தவர் பெயர் பளிங்கில் பொறித்திருக்கும். செய்த ஆசாரியின் பெயரைக் கேட்டால் ஊரில் முதியோர் ஒருவர் இருவர்க்கே தெரியும். அவர்களும் மறையுமுன் அப்பெயரைக் கேட்டு, பங்கு ஏட்டில் ஒரு வரி எழுதி வைப்பது நம்மால் ஆகக்கூடியதே.